பாறூக் மேசன் விட்ட மூன்று அடி

மட்டக்களப்பு வாவியின் கரையோரம் இருக்கும் அந்தச் சின்ன நகரத்தில் பெண்பிள்ளை கலியாணம் முடித்து இன்னொரு வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் ஒரு உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருவார். அதனால் மகள் பிறந்த அன்றே வாப்பாவின் தலையில் ஒரு வீடு ஏறிவிடும். வீட்டைக் கட்டி, மகளின் பேரில் காணி உறுதி எழுதி, சாவியைக் கொடுத்துவிட்டுத் தாயும் தகப்பனும் அதே வளவுக்குள் முன்னுக்கோ பின்னுக்கோ ஒதுங்கிக்கொள்வார்கள். ஒதுங்கிய இடத்தில் அடுத்த மகளுக்கு அத்திவாரம் வெட்டுவார்கள். இப்படியே ஒரு வளவு இரண்டாகி, இரண்டு நாலாகி, எதிரும் புதிருமாக இரண்டு ஓட்டோ வந்தால் ஒன்று பின்னுக்குப் போகவேண்டிய ஒழுங்கைகளாக ஊர் முழுவதும் ஒடுங்கிப்போய்விட்டது.

பாறூக் மேசன் அந்த வீடுகளைக் கட்டிப் பிழைத்தவர். இப்போது அவருக்கு ஐம்பத்தாறு வயது. பதினேழு வயதில் சாந்துச் சட்டி சுமக்கத் தொடங்கியவர். கட்டாருக்கும் போகவில்லை, சவூதிக்கும் போகவில்லை. கேட்டால், இங்கே பெண்பிள்ளைகள் பிறந்துகொண்டிருக்கும் வரைக்கும் தனக்கு வேலை இருக்கும் என்று சிரிப்பார். நூல் பிடித்தால் அவர் சுவர் ஒரு நூலளவும் விலகாது என்று ஊரில் பேச்சு. அதைக் கேட்கிறபோது அவர் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார். ஆனால் காது அங்கேதான் இருக்கும்.

அவரும் ஒரு பெட்டியோடு வந்த மாப்பிள்ளைதான். மனைவி ஹிதாயாவுக்கு அவளுடைய வாப்பா கொடுத்த பதினொரு பேர்ச்சஸ் அளவான வளவில்தான் முப்பது வருடமாக இருக்கிறார். மூத்த மகள் றுமானாவுக்குக் கலியாணம் வந்தபோது இருந்த வீட்டை அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, வளவின் முன்பக்கத்தில் கூரைக்குச் சீற் போட்ட ஒரு கொட்டிலில் ஒதுங்கினார்கள். அந்தக் கொட்டில் இருந்த இடத்திலேயே இளையவள் நஸ்ஹாவுக்கு ஒரு வீடு எழும்பத் தொடங்கியது. ஊரார் வீடுகளை நாலு மாதத்தில் முடித்துக் கொடுக்கும் மேசனுக்குத் தன் வீட்டுக்கு ஆறு வருடம் எடுத்தது. வேலையில்லாத வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வளர்ந்த வீடு அது. பத்தடி அகலத்தில் ஒரு ஹோல், ஒரு அறை, குசினி, குளியலறை. முன்வரிசையில் இரண்டு கொங்கிறீட் தூண்கள். தூண்களின் தலையில் கம்பிகளை வெட்டாமல் நீட்டி விட்டிருந்தார். மேலே ஒரு அறை போட்டால் தாங்கள் இரண்டு பேரும் அதில் இருந்துகொள்ளலாம் என்பது கணக்கு. நஸ்ஹாவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை ஸியாம் கட்டாரில் வாகனம் ஓட்டினான். ஹஜ்ஜுப் பெருநாளோடு இரண்டு மாத லீவில் வருவதாகவும், அந்த லீவுக்குள் கலியாணம் என்றும் இரண்டு பக்கமும் முடிவாகியிருந்தது. வீட்டில் மிச்சமிருந்தது தரைக்கு ஓடு பதிப்பதும் சுவர்ப் பூச்சும்தான்.

அந்த வீட்டுக்கு முன்னால்தான் ஒழுங்கை திரும்புகிறது. அந்த முடக்கை ஊரார் 'மேசன் முடக்கு' என்பார்கள். அதற்கு ஒரு காரணம் உண்டு.

எட்டு வருடத்துக்கு முன்னால் ஒழுங்கையின் உள்பக்கத்தில் ஒருவர் மௌத்தாகி, ஜனாஸாவைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தார்கள். அப்போது அந்த இடத்தில் ஒழுங்கை எட்டு அடிதான். முடக்கில் சந்தூக்குத் திரும்பவில்லை. முன்னால் பிடித்தவர்கள் ஒரு பக்கமும் பின்னால் பிடித்தவர்கள் ஒரு பக்கமும் இழுபட்டு, கடைசியில் சந்தூக்கைச் சரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. மையித்து உள்ளே அசைந்தது. தோள் கொடுத்துக்கொண்டிருந்த பாறூக்குக்கு அந்த அசைவு தன் தோளில் தெரிந்தது. அவர் அதைப் பற்றி யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் தன் மதிலைத் தானே உடைத்து, மூன்று அடி உள்ளே தள்ளி, புது மதில் கட்டினார். உடைப்பதற்கு முன் ஹிதாயாவிடம் மட்டும் கேட்டார். அவள், கபுறுக்குப் போகிறபோது மூன்றடியையும் கொண்டா போகப்போகிறோம் என்றாள். எழுத்து ஒன்றும் இல்லை. பிறகு நகர சபை ஒழுங்கைக்குக் கொங்கிறீட் போட்டபோது அந்த மூன்று அடிக்கும் சேர்த்துப் போட்டது. பாறூக்குக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

புதிய சபை வந்த மறு வருடம், ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த பிறகு பள்ளிவாசலில் கூட்டம் வைத்தார்கள். ஒழுங்கையை இருபது அடியாக்கி, ஒரு பக்கத்தில் வடிகானும் போடுகிற திட்டம். வட்டார உறுப்பினர் நிஸ்தார் அதே ஒழுங்கைக்காரர்தான், பாறூக்கை விடப் பத்து வயது இளையவர். படத்தைச் சுவரில் ஒட்டி வைத்து விளங்கப்படுத்தினார். மாரி வந்தால் முழங்கால் அளவு தண்ணீர் நிற்பதையும், போன வருடம் ஒரு கர்ப்பிணிப் பெண்ணைக் கதிரையில் வைத்துப் பெரிய வீதி வரைக்கும் தூக்கிப்போனதையும் சொன்னார். யாரும் மறுக்கவில்லை. பாறூக் எழும்பி, இது எப்போதோ செய்திருக்க வேண்டிய வேலை என்றார். இரண்டு பக்கமும் சமமாக எடுத்தால் ஒருவருக்கும் மனவருத்தம் வராது என்றும் சொன்னார். பின்னால் இருந்த ஒருவர், "மேசன் காக்காக்கு என்ன, அவர் எட்டு வருசத்துக்கு முந்தியே காசு கட்டிட்டார்" என்று பகிடி விட, எல்லோரும் சிரித்தார்கள். நிஸ்தாரும் சிரித்தார். இருக்கிற வீதியின் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் பத்து அடி என்று கூட்டக் குறிப்பில் எழுதினார்கள். எல்லோரும் கை உயர்த்தினார்கள். பாறூக்கின் கையும் உயர்ந்தது.

அளப்பதற்குச் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ரதீஸ் வந்தார். மட்டக்களப்பு டவுன்பக்கத்துப் பொடியன், முப்பது வயது இருக்கும். அவரோடு வர வேண்டிய ஆள் அன்று லீவு. பாறூக் தானாகவே போய் டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். ஒழுங்கையின் வாய் தொடங்கி வீடு வீடாக அளந்து வந்தார்கள். ரதீஸ் ஒவ்வொரு மதிலிலும் சிவப்பு மையால் எத்தனை அடி போகும் என்று எழுதினார். பெரும்பாலும் மதிலும், மதிலுக்குப் பின்னால் ஒரு துண்டு முற்றமும்தான். பாறூக் வழிநெடுக, இந்த மதிலுக்கு அத்திவாரம் ஆழம், அந்த மதில் வெறும் மண்ணில் நிற்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தார். தன் முடக்கு வந்ததும் ஹிதாயாவிடம் இரண்டு பிளேன்ரீ வாங்கிவந்து ஒன்றை ரதீஸிடம் கொடுத்தார்.

முடக்கில் ஒழுங்கை பதினொரு அடி. நடு ஐந்தரை. அங்கிருந்து பத்தடி பிடித்தால் மதிலுக்கு உள்ளே நாலரை அடி. மதிலுக்கும் நஸ்ஹாவின் வீட்டுச் சுவருக்கும் இடையில் மூன்று அடிதான் இருந்தது. டேப்பின் முனை ஹோலுக்குள் ஒன்றரை அடி போய் நின்றது. ரதீஸ் குனிந்து, இன்னும் ஓடு பதிக்காத சீமெந்துத் தரையில் சிவப்பாக ஒரு கோடு போட்டார். இரண்டு தூண்களும் கோட்டுக்கு வெளியே, வீதிப் பக்கம் நின்றன.

பாறூக் முதலில் டேப் சுருண்டிருக்கும் என்று நினைத்தார். இழுத்துப் பிடித்து மறுபடியும் அளக்கச் சொன்னார். அதே ஒன்றரை அடி.

"தம்பி, நான் முந்தியே மூண்டடி விட்டிரிக்கன். பழைய மதில் இந்தா இதில நிண்ட. நடுவ அதிலிரிந்து பாருங்க."

"தெரியும் நானா, எல்லாரும் சொன்னாங்க" என்றார் ரதீஸ். "ஆனா சபைத் தீர்மானத்தில இருக்கிறது இப்ப இருக்கிற வீதியின்ட நடு. நீங்க விட்டது இப்ப வீதிதானே."

பாறூக் வாய்க்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். பழைய எட்டடி ஒழுங்கை இருபதாக வேண்டுமானால் பக்கத்துக்கு ஆறு அடி. மூன்றை அவர் ஏற்கெனவே கொடுத்துவிட்டார். மிச்சம் மூன்றுதான் போகவேண்டும். கோடு சரியாகச் சுவரோடு நின்றிருக்கும், தூண் தப்பியிருக்கும். மதிலை அவர் உள்ளே தள்ளியபோது நடுவும் ஒன்றரை அடி அவர் பக்கம் தள்ளியிருக்கிறது. இப்போது அவர் பக்கம் ஏழரை போகிறது, எதிர்ப்பக்கம் நாலரை. கொடுக்காமல் இருந்திருந்தால் இரண்டு பேருக்கும் ஆறு ஆறு.

ரதீஸ் கெட்ட மனிதர் இல்லை. தேத்தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளுக்குள் எழுத்தில் கொடுக்கலாம், நோட்டீஸ் வரும், கட்டாயம் கொடுங்கள் என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வீடு பேரில்லாத பொது நோட்டீஸ் வந்தபோது நோன்பு தொடங்கியிருந்தது. பாறூக் நிஸ்தாரிடம் போனார். நிஸ்தார் உண்மையிலேயே திடுக்கிட்டார். நடு என்ற சொல்லை எழுதியபோது தனக்கு அந்த மூன்றடி ஞாபகத்துக்கு வரவில்லை என்று ஒப்புக்கொண்டார். ஒழுங்கைக்காரர் எல்லோரும் சேர்ந்து ஒரு மனுக் கொடுத்தால் சபையில் பேச வசதியாக இருக்கும் என்று அவரே நல்ல தமிழில் ஒன்று எழுதிக் கொடுத்தார். மேசன் முடக்கில் மட்டும் பழைய மதிலை வைத்து நடுவைக் கணக்கிட வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

நோன்பு காலத்தில் கையெழுத்துச் சேர்க்கப் பள்ளிவாசலை விட நல்ல இடம் இல்லை. அஸர் தொழுகைக்குப் பிறகு நோன்புக் கஞ்சிக்காக எல்லோரும் பாயில் வரிசையாக இருப்பார்கள். மனு பாய்க்குப் பாய் போனது. ஒருவர்கூட மறுக்கவில்லை. சந்தூக்கைச் சரித்த கதையைத் தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் சொன்னார்கள். பேனைக்காகச் சின்னச் சண்டையும் நடந்தது. தாளின் ஓரத்தில் கஞ்சி பட்டு ஒரு வட்டம் விழுந்தது. முப்பத்தொரு கையெழுத்து. பாறூக் அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துப் பத்தொன்பதாம் நாளே சபையில் கொடுத்து, திகதி முத்திரையும் குத்தி வாங்கினார். அதற்குப் பிறகு அவர் கொஞ்சம் நிம்மதியாக நோன்பு பிடித்தார். வீட்டுக்குள் சிவப்புக் கோட்டின் மேல் ஒரு சாக்கை விரித்து வைத்திருந்தார்.

நோன்புப் பெருநாள் முடிந்து பத்தாம் நாள் சபையிலிருந்து தொலைபேசி வந்தது. எடுத்தவர் காணி விடயங்களைப் பார்க்கும் உத்தியோகத்தர் சுலோஜனா, களுதாவளையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். பாறூக் போனபோது மேசையில் இரண்டு சாமான்கள் இருந்தன. ஒன்று அந்த மனு. மற்றது சபையின் வரிமதிப்புப் பதிவேடு, பெரிய தடித்த புத்தகம். சுலோஜனா அவரை இருக்கச் சொன்னார். பேனை முனையால் கையெழுத்துகளை இன்னொருதரம் எண்ணினார்.

"நானா, இதில முப்பத்தொரு கையெழுத்து இருக்கு. ஆனா ஒருத்தருக்கும் அந்த ஒழுங்கையில காணி இல்லையே."

"என்ன மிஸ் கதைக்கிறீங்க? எல்லாரும் முப்பது நாப்பது வருசமா அதிலதான் இரிக்காங்க."

"இருக்கிறாங்க நானா. சொந்தக்காரர் இல்ல."

பதிவேட்டைத் திருப்பி அவர் பக்கம் வைத்து, விரலை வைத்துக் காட்டிக்கொண்டு போனார். நாலாம் இலக்கத்திலிருந்து நாற்பதாம் இலக்கம் வரைக்கும் பெண்களின் பெயர்கள். பாறூக்குக்கு அந்தப் பெயர்களில் பாதியை வெளியில் யாரும் சொல்லிக் கேட்ட பழக்கம் இல்லை. இன்னாருடைய உம்மா, இன்னாருடைய பெண்சாதி என்றுதான் தெரியும். பதினேழாம் இலக்கத்தில் ஹிதாயாவின் முழுப்பெயரும் அவளுடைய வாப்பாவின் பெயரும் இருந்தன. அந்த வரிசையிலிருந்த சில உறுதிகளுக்குச் சாட்சிக் கையெழுத்து வைத்தவரே பாறூக்தான். அப்படியிருந்தும் பாயிலிருந்த முப்பத்தொரு ஆண்களில் ஒருவருக்குக்கூட அது தோன்றவில்லை. மனு எழுதிய நிஸ்தாருக்கும் தோன்றவில்லை. கஞ்சிக்குப் பெண்கள் வருவதில்லை.

ஆட்சேபணையைக் காணிச் சொந்தக்காரர்தான் கொடுக்க வேண்டும் என்று நோட்டீஸின் இரண்டாம் பந்தியில் இருப்பதைச் சுலோஜனா காட்டினார். முப்பது நாள் முடிந்து ஏழு நாளாகிவிட்டது. மனு வந்த அன்றே இதைப் பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன், நான் அப்போது பிரசவ லீவில் இருந்தேன் என்று அவர் சொன்னபோது அவருடைய குரலும் தளர்ந்துதான் இருந்தது. எதற்கும் ஹிதாயாவின் பேரில் ஒரு கடிதம் கொண்டுவாருங்கள், பிந்தியது என்று எழுதி சபைக்கு வைக்கிறேன் என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது ஹிதாயா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகை நிறுத்தவில்லை.

"பள்ளில இரிந்த அத்தின பேரிட்டயும் கேட்டீங்க. ஊட்டுல இரிந்த என்னட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? நான் கைநாட்டா? பத்தாம் வகுப்புப் படிச்சவள்."

பிறகு சுளகைக் கீழே வைத்தாள். அபாயாவைப் போட்டுக்கொண்டு, நஸ்ஹாவையும் கூட்டிக்கொண்டு, உறுதியை ஒரு துணிப்பையில் வைத்துச் சபைக்கு எடுத்துப் போய்த் தானே கடிதம் எழுதிக் கொடுத்தாள். முப்பது வருடத்தில் அவள் அந்தக் கட்டடத்துக்குள் போனது அதுதான் முதல்தரம். உறுதியில் பழைய எல்லை இருந்தது, அந்த மூன்றடியும் சேர்ந்து இருந்தது. சுலோஜனா பிரதி எடுத்துக்கொண்டார். சபை கூடிய நாளில் நிஸ்தார் அதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். தவிசாளர் பொறுமையாகக் கேட்டார். பாறூக்கின் நல்ல மனதைச் சபை பாராட்டுவதாகவும் சொன்னார். ஆனால் ஒரு முடக்குக்காக நடுவை மாற்றினால் முழு ஒழுங்கையின் அளவையும் மறுபடி செய்ய வேண்டும், பிந்தி வந்த ஒரு கடிதத்தை ஏற்றுக்கொண்டால் மற்ற வட்டாரங்களிலிருந்தும் வரும், ஆகவே அடுத்த கட்டத் திட்டத்தில் கவனத்தில் எடுக்கலாம் என்று முடித்தார். அந்தப் பாராட்டும் கூட்டக் குறிப்பில் பதிவானது.

இரண்டு கிழமையில் ஒரு கடிதம் வந்தது. ஹிதாயாவின் பெயருக்கு அரசாங்க முத்திரையோடு வந்த முதல் கடிதம். பதினான்கு நாளுக்குள் கோட்டுக்கு வெளியே உள்ள கட்டுமானத்தை அகற்ற வேண்டும், தவறினால் சபை அகற்றும்.

சபை அகற்றுவது என்றால் பெக்கோ இயந்திரம் வரும். பெக்கோவின் கை ஒரு தூணைத் தள்ளினால் அந்த அதிர்வு எங்கெங்கே போகும் என்று பாறூக்குக்குத் தெரியும். அறைச் சுவர் வெடிக்கும். பின்னால் ஒட்டியிருக்கும் றுமானாவின் வீட்டுச் சுவரும் வெடிக்கும். பதினோராம் நாள் காலையில், தன்னோடு வேலை செய்கிற ஒருவரையும் கூப்பிடாமல், அவர் சுத்தியலையும் உளியையும் எடுத்தார். கூரையில் முன்வரிசைச் சீற்களைக் கழற்றி இறக்கினார். பிறகு முன்சுவரை மேலிருந்து கல் கல்லாகக் கழற்றினார். தான் வைத்த சாந்து இவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கழற்றிய கற்களை நஸ்ஹா சாந்தைச் சுரண்டிச் சுரண்டி ஓரமாக அடுக்கினாள். தூண்களுக்கு இரண்டு நாள் எடுத்தது. கம்பியை அறுக்கும்போது வழியில் போனவர்கள் நின்று, பாவம் என்றார்கள். சிலர் வந்து கை கொடுக்கப் பார்த்தார்கள். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார்.

சொன்ன நாளில் பெக்கோ வந்தது. ஒழுங்கையின் வாயிலிருந்து மதில் மதிலாகத் தள்ளிக்கொண்டு வந்து மேசன் முடக்கில் நின்றது. பாறூக் பக்கம் தள்ளுவதற்கு மதில் மட்டும்தான் இருந்தது, அதைத் தள்ளியது. எதிர்ப்பக்கம் திரும்பியதும் ரதீஸ் ஓடிவந்து கையைக் காட்டி நிறுத்தினார். கையிலிருந்த தாளைப் பார்த்தார், யாருக்கோ கோல் எடுத்தார், மறுபடியும் தாளைப் பார்த்தார். பெக்கோ பின்வாங்கிப் போய்விட்டது.

எதிர்வீடு ரிப்கா டீச்சருடையது. அவருடைய கணவர் ஐந்து வருடமாகக் கட்டாரில். வீட்டில் பள்ளிவாசலுக்குப் போய்க் கையெழுத்து வைக்க ஆண் இல்லை. நோட்டீஸ் வந்தபோது அவரே அதை முழுவதும் வாசித்து, கிணறும் மலசலகூடக் குழியும் பாதிக்கும் என்று தன் பேரில், தன் கையெழுத்தில், பன்னிரண்டாம் நாள் ஆட்சேபணை கொடுத்திருந்தார். முழு ஒழுங்கையிலும் செல்லுபடியான ஆட்சேபணை அது ஒன்றுதான். அது மேலிடத்துக்குப் போயிருந்தது. முடிவு வரும் வரைக்கும் அவருடைய மதிலைத் தொட ஏலாது.

அன்று பின்னேரம் ரிப்கா டீச்சர் ஹிதாயாவைப் பார்க்க வந்தார். முன்சுவர் இல்லாத ஹோலில் பாய் விரித்து இருந்தார்கள். பாறூக் கல் அடுக்கின் மேல் இருந்தார். டீச்சர் சீலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டே, "காக்கா, நான் ஒங்களுக்கு எதிரா எழுதல்ல. எங்கட கிணத்துக்காகத்தான் எழுதின" என்றார்.

"நீங்க சரியாத்தான் எழுதியிரிக்கீங்க டீச்சர்" என்றார் பாறூக். "நாங்கதான் வாசிக்கல்ல."

டீச்சர் கொண்டுவந்த வட்டிலப்பத்தை ஹிதாயா உள்ளே எடுத்துப்போனாள்.

ஸியாம் ஹஜ்ஜுப் பெருநாளோடு வந்தான். அவனுடைய உம்மா ஆயிஷா உம்மா இரண்டு பெண்களோடு வீட்டைப் பார்க்க வந்தார். நல்ல மனிசி, முகம் கோணாமல் எல்லாவற்றையும் பார்த்தார். அறைக்குள் போய், குசினிக்குள் போய், திரும்பி வந்து திறந்து கிடந்த முன்பக்கத்தில் நின்றார். பாறூக் தன் யோசனையைச் சொன்னார். கோட்டுக்கு உள்ளே புதுச் சுவர் எழுப்பிவிடலாம், ஹோல் சின்னதாகும், ஆனாலும் வீடு வீடுதான், ஒரு மாதம் போதும் என்றார். ஆயிஷா உம்மா தலையாட்டிக் கேட்டார்.

"அவசரப்படாதீங்க. ஊட்ட வடிவா முடிச்சிட்டு ஆள் அனுப்புங்க" என்றார். "அல்லாஹ் வெச்சிரிந்தா நடக்கும்."

அந்த ஊரில் எல்லோருக்கும் அந்த வசனம் தெரியும். அது வேண்டாம் என்ற சொல் இல்லை. ஆனால் நாள் குறிப்பதும் இல்லை.

பாறூக் மறுநாளே புதுச் சுவருக்கு அனுமதி கேட்டுச் சபைக்குப் போனார். புதிதாக எழுப்புகிற சுவர் வீதிக்கோட்டிலிருந்து ஒரு மீற்றர் உள்ளே இருக்க வேண்டும் என்று சுலோஜனா சொன்னார். பத்தடி ஹோலில் ஐந்தடிதான் மிஞ்சும். அதற்கும் சரி என்றார் பாறூக். அப்போதுதான் சுலோஜனா மற்றதையும் சொன்னார். ரிப்கா டீச்சரின் ஆட்சேபணை முடிவாகாமல் அந்த முடக்கில் வீதிக்கோடு எங்கே வரும் என்று உறுதியில்லை, கோடு உறுதியில்லாமல் எந்த வரைபடத்துக்கும் அனுமதி கொடுக்க ஏலாது. அப்படியென்றால் பழைய இடத்திலேயே சுவரை எழுப்பட்டுமா என்று பாறூக் கேட்டார். அதுவும் ஏலாது, அது இப்போது சபையின் தீர்மானப்படி வீதி. எப்போது முடிவாகும் என்று கேட்டார். சுலோஜனா தெரியாது என்று சொல்லவில்லை. கோவையைத் திறந்து, அனுப்பிய கடிதங்களை ஒவ்வொன்றாக அவருக்குக் காட்டினார். மூன்று நினைவூட்டல் கடிதங்கள் இருந்தன. அவரும் தன்னால் ஆனதைச் செய்துகொண்டுதான் இருந்தார். பாறூக் அந்தத் தாள்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோபப்படுவதற்கு அவருக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. அந்தக் கட்டடம் முழுக்கத் தேடியும் அப்படி ஒரு ஆள் கிடைக்கவில்லை.

நிஸ்தாரும் அலைந்தார். வடிகான் வேலை அந்த ஒழுங்கையில் பாதியோடு நின்று, இயந்திரங்களும் ஆட்களும் அடுத்த வட்டாரத்துக்குப் போய்விட்டார்கள். முடிகிற இடத்தில் வேலை செய்யட்டும் என்று சபை சொன்னது நியாயம்தான் என்று நிஸ்தாரே சொன்னார். பிறகு அவர் பாறூக் வீட்டுப் பக்கமாக வருகிறபோது மோட்டார் சைக்கிளைக் கொஞ்சம் வேகமாக விடத் தொடங்கினார். பாறூக் அதைப் பிழையாக எடுக்கவில்லை.

ஸியாமின் லீவு முடிந்தது. போவதற்கு முந்திய நாள் தம்பி ஒருவனை அனுப்பி, ஒப்பந்தத்தை இரண்டு வருடத்துக்குப் புதுப்பித்திருக்கிறேன், அதற்குள் ஏதாவது ஒரு வழி வரும் என்று சொல்லச் சொன்னான். நல்லதற்குத்தான் சொன்னான். நஸ்ஹா அதைக் கேட்டுவிட்டு, தான் படிப்பிக்கிற பாலர் பாடசாலைப் பிள்ளைகளுக்கு வெட்டிக்கொண்டிருந்த கலர்க் கடதாசிப் பூவை வெட்டி முடித்தாள்.

முன்பக்கத்துக்கு ஹிதாயா ஒரு நீலத் தறப்பாளைக் கட்டினாள். வீதியில் போகிறவர்களின் கண் வீட்டுக்குள் விழாமல் இருக்க வேண்டுமே. தறப்பாளுக்கு வெளியே, மதிலும் சுவரும் தூணும் நின்ற இடம் வெறும் தரையாகக் கிடந்தது. முடக்குக்கு முன்னால் பாதி வெட்டிய வடிகான் குழி, பின்னால் பழைய ஒடுக்கம் என்று கிடந்ததால், ஒழுங்கை முழுவதிலும் வாகனம் திருப்பக்கூடிய இடம் அங்கே மட்டும்தான் இருந்தது. முதலில் சபையின் குப்பை டிராக்டர் அதில் திரும்பியது. பிறகு மீன் லொறி. பிறகு பாடசாலை வேன்கள். சாரதிகள் எல்லோரும் மரியாதையானவர்கள். ஹிதாயாவைக் கண்டால், மூத்த சகோதரியை அழைப்பதுபோல, தாத்தா குறை நினைக்காதீங்க என்பார்கள். இந்த முடக்கில் இப்போதுதான் நிம்மதியாக இருக்கிறது என்றும் சொல்வார்கள்.

ஒருநாள் பாறூக் வேலைத்தளத்தில் சீமெந்து முடிந்து மத்தியானமே வீட்டுக்கு வந்தார். முடக்கில் ஒரு வெள்ளை வேன் பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. உள்ளே சின்னப் பிள்ளைகள் நிறைந்திருந்தார்கள். சாரதி புது ஆள் போல, கண்ணாடியில் பார்த்துப் பார்த்து அங்குலம் அங்குலமாக எடுத்தான். வேனின் பின்பக்கம் தறப்பாளைத் தொட்டுவிடும் போல இருந்தது. அவன் தலையை வெளியே நீட்டி, பின்னுக்கு இடமிருக்கிறதா என்று யாரையோ கேட்டான்.

பாறூக் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் தறப்பாளுக்கு உள்ளேயிருந்து நஸ்ஹாவின் குரல் வந்தது. பழகிப்போன குரல்.

"இரிக்கி, வாங்க… வாங்க… இன்னும் வாங்க… போதும்."

வேன் நின்றது, முன்னுக்கு எடுத்தது, திரும்பிப் போனது. சாரதி ஒரு சின்ன ஹோன் அடித்து நன்றி சொன்னான். பாறூக் தன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, அது போன வழியைப் பார்த்தபடி வீதியிலேயே நின்றார்.